முப்பத்தெட்டுத் திரைகள்

1

போன வாரம் என் அப்பாவுக்கு வாழ்த்து வந்தது. "அன்புள்ள சுப்பையா, எங்களோடு மூன்று ஆண்டுகளை நிறைவு செய்திருக்கிறீர்கள்" என்று நிறுவனத்திலிருந்து ஒரு மின்னஞ்சல், கீழே நாலு பலூன். அப்பா அருப்புக்கோட்டையில் மின்வாரிய லைன்மேன். புனேயை அவர் கண்ணால் பார்த்ததில்லை. வேலையில் சேர்ந்த அன்று படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்க மாட்டேன் என்று கணினி அடம்பிடித்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டேன். அன்று முதல் கழுத்து அட்டையிலும் சம்பளச் சீட்டிலும் கூட்டங்களிலும் நான் சுப்பையா. மாற்றச் சொல்லி இதுவரை பதினோரு விண்ணப்பம் போட்டாயிற்று. ஒவ்வொன்றையும் 'தீர்க்கப்பட்டது' என்று குறித்து மூடிவிடுகிறார்கள்.

அதே நாள் சித்தி மகள் யாழினியிடமிருந்து ஒரு குரல் செய்தி. கம்ப்யூட்டர் பாடம் எடுத்து பிளஸ் டூ முடித்திருக்கிறாள்.

"யக்கா, கவுன்சிலிங்குல திங்கக்கெழமக்குள்ள சாய்ஸ லாக் பண்ணணும். அப்பா கம்ப்யூட்டர் சயின்ஸுதான்னு ஒத்தக்கால்ல நிக்காரு. எனக்கு ஐடி செட் ஆகுமா, ஆகாதா? ஒரே வரியில சொல்லு. வளவளன்னு இழுக்காத."

மூன்று வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன், கூட நாலு ஆச்சரியக்குறியும் போட்டிருப்பேன். இந்தத் தடவை செய்தியை நாலு முறை கேட்டும் பதில் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஊரில் வேறு யாழினிகளும் இருப்பீர்கள்.

2

நான் குடியிருப்பது புனேயின் கட்கியில், ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாடி அறையில். வீட்டுக்கார ஆண்ட்டியின் மாமனார் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து இங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். ஆண்ட்டியின் கணவரும் அதே வாசல் வழியாகவே வேலைக்குப் போய், ஓய்வு பெற்று, நாலு வருடத்துக்கு முன் காலமானார். ஒரே மகள் சுனிதா, இருபத்திரண்டு வயது, பி.காம். தமிழ் பேசுவாள், ஆனால் பாதி வழியில் மூச்சு வாங்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாது. ஆண்ட்டிக்கு அதில் தீராத குறை. மகளை ஹிந்தியில் பேட்டி என்பார்.

"பாரு மஞ்சு, குடியாத்தத்துலருந்து கல்யாணப் பத்திரிகை வந்தா என் பேட்டி அத்தத் தலைகீழா புடிச்சிகினு நிக்கிறா. தமிழும் சரியா வரல, மராட்டிக்காரங்க இவள மதராசிங்கறாங்க. இவ எந்த ஊரு பொண்ணுன்னு நீயே சொல்லு."

"கட்கி ஊரு பொண்ணு மா," என்பாள் சுனிதா, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வாடகை ஒப்பந்தத்துக்காகக் காவல் நிலையம் போன கதையைச் சொல்லியே ஆகவேண்டும். என் அடையாள அட்டையில் எஸ். மஞ்சுளா. ஆபீஸ் கடிதத்தில் மஞ்சுளா சுப்பையா. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க மூன்று நாள் ஆனது. மூன்றாம் நாள் அங்கிருந்த காவலர் சலித்துப்போய், "இதில் எது நீ?" என்று கேட்டார். கேள்வி மராத்தியில் வந்தது. நான் ஹிந்தியில் பதில் சொன்னேன், நடுவில் ஆங்கிலத்துக்குத் தாவினேன், கடைசியில் "அய்யோ சாமி" என்று தமிழில் முடித்தேன். கூட வந்திருந்த சுனிதா முன்னால் வந்து மராத்தியில் ஒரு நிமிடம் பேசினாள். முத்திரை விழுந்தது. அன்று அவளுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று முடிவுசெய்தேன். எனக்கு எல்லாமே அப்படித்தான், நினைத்த நிமிடத்தில் கிளம்பிவிடுவேன்.

3

எங்கள் ஆபீஸ் ஹிஞ்சேவாடியில். கட்கியிலிருந்து நிறுவனப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம், மழை பெய்தால் எவ்வளவு என்று ஓட்டுநருக்கும் தெரியாது. வெளிநாட்டுப் பல்பொருள் அங்காடி ஒன்றின் கிடங்குகளில் ஓடும் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது எங்கள் குழுவின் வேலை.

முப்பத்தெட்டுக் கிடங்குகள், கிடங்குக்கு ஒரு திரை. தினமும் காலையில் ஒருவர் அத்தனையையும் ஒவ்வொன்றாகத் திறக்கவேண்டும். மூலையில் ஒரு புள்ளி இருக்கும். பச்சையா சிவப்பா என்று பார்த்து, திரையைப் படமெடுத்து, எக்செல் தாளில் ஒட்டி, பக்கத்தில் 'சரி' என்று எழுதி, ஏழரைக்குள் அனுப்பவேண்டும். ஒன்றரை மணி நேர வேலை. ஐடி என்றதும் யாழினியின் மனதில் என்ன ஓடுகிறதோ எனக்குத் தெரியாது. நான் இங்கே வந்து முதல் எட்டு மாதம் பார்த்த ஐடி இதுதான். கல்லூரியில் அல்காரிதம் என்றால் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்த நான், எட்டு மாதம் புள்ளி பார்த்தேன்.

அந்த இடம் காலியானபோது சுனிதாவின் பெயரைக் கொடுத்தேன். ஒப்பந்தத்தில் எடுத்தார்கள், ஆறு மாதத்துக்கு. நிரந்தர ஊழியர்களுக்குக் கழுத்தில் நீலப் பட்டை, ஒப்பந்தக்காரர்களுக்கு மஞ்சள். அவள் மஞ்சள் பட்டையைக் கண்ணாடி முன் போட்டுப் பார்த்துவிட்டு மாடிக்கு ஓடிவந்தாள்.

"தீதி, ஐடி எனக்கு ஒத்து வருமா? சச் சொல்லு."

தீதி என்றால் அக்கா, சச் என்றால் உண்மை. "அதெல்லாம் இப்ப தெரியாது. ஒருநாள் சொல்லாம கொள்ளாம உனக்கு ஒரு டெஸ்ட் வைப்பேன். அதுல தெரிஞ்சிரும்," என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். சொன்ன அடுத்த நிமிடம் மறந்தும் போனேன்.

4

சுனிதா காலை நாலே முக்கால் வண்டியில் போவாள், அந்நேரம் சாலை காலி, முக்கால் மணியில் போய்விடலாம். நான் எட்டரைக்குப் போய்ச் சேரும்போது அவள் வேலை முடிந்து கண்கள் சிவந்திருக்கும். திரைகளுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தாள். பதினேழாம் நம்பர் திரை திறக்க எப்போதும் தாமதமாகும். அதன் பெயர் ஆஜோபா, மராத்தியில் தாத்தா. "ஆஜோபா இன்னிக்கி எழுந்துக்கவே மாட்டேன்றாரு தீதி, இருபது செகண்ட் கூப்ட்டேன்," என்பாள்.

இதைப் பார்க்கப் பார்க்க என் கை நமநமத்தது. ஒரு இயந்திரம் செய்யவேண்டியதை மனுஷி செய்வதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. மூன்று சனி ஞாயிறு உட்கார்ந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அது தானாகவே முப்பத்தெட்டுத் திரையையும் திறக்கும், புள்ளி பார்க்கும், படமெடுக்கும், தாளை நிரப்பும். நாலே நிமிடம். எட்டு மாதம் புள்ளி பார்த்தவளுக்கு அந்த நாலு நிமிடம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. அறையில் தனியாக நின்று கை தட்டினேன்.

வெள்ளிக்கிழமைக் குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டினேன். ஜோக்கெல்லாம் அடித்தேன். திரைகள் படபடவென்று திறந்து மூடின. ஆஜோபாவுக்காக இருபது விநாடி காத்திரு என்று ஒரு வரி எழுதியிருந்தேன், அதைச் சொன்னபோது பின் வரிசையில் சுனிதா வாய்விட்டுச் சிரித்தாள். முடிந்ததும் முதலில் கை தட்டியதும் அவள்தான்.

மேலாளர் அமோல் சார் கூட்டம் முடிந்ததும் என்னை நிறுத்தினார். இவர் கெட்ட மனிதர் இல்லை. என் ஜுரத்துக்கு வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர். "பிரமாதம் சுப்பையா," என்றார். "சரியான நேரத்தில் செய்தாய். அந்த ஒப்பந்த இடத்தை நீட்டிக்கவேண்டுமா என்று அடுத்த வெள்ளிக்குள் சொல்லவேண்டும். இனி தேவையிருக்காது இல்லையா?"

அந்த இடம் என்றால் சுனிதா. நான் செய்தது என்னவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த நிமிடம் வரை அது எனக்குத் தோன்றவேயில்லை.

அவளைச் சோதனைக் குழுவில் எடுத்துக்கொள்ளுங்களேன் என்று கேட்டேன். பி.காம். படித்தவளை அங்கே எடுக்க விதி இல்லை என்றார். விதியைத் திறந்தும் காட்டினார்.

5

திங்கள் முதல் வெள்ளி வரை இரண்டும் இணையாக ஓடவேண்டும் என்று ஏற்பாடு. சுனிதா கையால் பார்ப்பாள், ஸ்கிரிப்ட்டும் பார்க்கும். ஐந்து நாளும் இரண்டு தாளும் ஒத்துப்போனால் நான் கையெழுத்திடுவேன், ஸ்கிரிப்ட் நடைமுறைக்கு வரும். ஒருநாள் ஒரே ஒரு திரை முரண்பட்டாலும் அது நம்பத் தகுந்ததல்ல என்று மூன்று மாதம் தள்ளிப்போகும். அப்படித் தள்ளிப்போனால் சுனிதாவின் ஒப்பந்தத்தை நீட்டித்தே ஆகவேண்டும்.

அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறப்பேன், அவள் ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவாள். அதில் என் ஸ்கிரிப்ட்டை வரி வரியாகக் கையால் எழுதி, பக்கத்தில் தேவநாகரியில் குறிப்பெழுதி வைத்திருந்தாள். யாரும் சொல்லித்தரவில்லை. வண்டியில் போகும்போது கைப்பேசியில் தேடிப் படித்தாளாம்.

"இந்த லைன் நா, சுத்தி சுத்தி வர்து இல்ல? முப்பத்தெட்டு வாட்டி?"

"ஆமா."

"நான் டெய்லி பண்றது பத்து லைன்ல இருக்கு தீதி!" என்று சந்தோஷப்பட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மூன்று நாள் ஒத்துப்போனது. புதன் மாலை ஆறு மணிக்கு, எல்லோரும் பேருந்துக்குப் போனபிறகு, ஸ்கிரிப்ட்டைத் திறந்தேன். இருபது விநாடி என்ற இடத்தில் சைபரை எடுத்தேன். இனி இரண்டு விநாடிதான் காத்திருக்கும். ஆஜோபா அதற்குள் எழுந்திருக்க மாட்டார், ஸ்கிரிப்ட் சிவப்பு என்று எழுதும். சுனிதா பொறுமையாகக் காத்திருந்து பச்சை என்று எழுதுவாள். முரண்பாடு. அவள் எதுவுமே செய்யவேண்டாம். தினமும் செய்வதைச் செய்தால் போதும், வேலை தங்கும்.

அப்பா ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. கம்பத்தில் ஏறினால் தெரிந்தே ஒரு திருகைத் தளர்வாக விட்டு இறங்கக் கூடாது, பெத்த பிள்ளைக்காக என்றாலும் கூடாது என்பார். இருந்தாலும் சேமித்துவிட்டுப் பேருந்து ஏறினேன்.

6

வியாழன் எட்டரைக்குப் போனபோது சுனிதா லிஃப்ட் வாசலிலேயே நின்றிருந்தாள், கையில் வடாபாவ் பொட்டலம்.

"பகட் லியா தீதி! புடிச்சிட்டேன்!"

"என்னத்தடி புடிச்ச?"

"உன் தப்பு."

அவள் சொன்னது இது. ஸ்கிரிப்ட் ஆஜோபாவைச் சிவப்பு என்றது. அவள் பார்த்தால் பச்சை. 'ஆஜோபா பொய் சொல்ல மாட்டாரே' என்று யோசித்து நோட்டை எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டிருக்கிறாள். நோட்டில் இருபது, திரையில் இரண்டு. மாற்றிய நேரமும் பக்கத்திலேயே இருந்தது: நேற்று மாலை ஆறு மணி, மாற்றியவர் சுப்பையா. சைபரைப் போட்டு மறுபடி ஓட்டியிருக்கிறாள். முப்பத்தெட்டும் பச்சை. இரண்டு தாளும் ஒத்துப்போய், ஏழரைக்கு முன்பே எல்லோருக்கும் போய்விட்டது.

"மொதல்ல பயந்துட்டேன். அப்றம் தான் புரிஞ்சது," என்றாள், கண்கள் மின்ன. "சொல்லாம கொள்ளாம டெஸ்ட் வைப்பேன்னு சொன்னியே. நீ மறக்கல இல்ல? பாஸா தீதி?"

லிஃப்ட் திறந்தது, ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

"பாஸ்," என்றேன்.

வடாபாவில் பெரியதை எனக்குக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு சைபரை எடுத்திருக்கலாம். அதையும் கண்டுபிடித்திருப்பாள். எடுக்கவில்லை. ஐந்து நாளும் ஒத்துப்போயிற்று. கையெழுத்துத் தாளில் 'பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியவர்' என்ற கட்டத்தில் சுனிதாவின் பெயரை எழுதினேன். 'பிழைக்குக் காரணம்' என்ற கட்டத்தில் என் பெயரை. அனுப்பிய தாள்கள் ஒத்திருந்ததால் அமோல் சார் இரண்டுக்கும் சேர்த்து ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார். ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது என்ற கடிதம் திங்கட்கிழமை வரும் என்றும் எழுதியிருந்தார்.

7

கடிதம் வரும்முன் நான் சொல்லிவிடவேண்டும். வெள்ளி மாலை கீழ்வீட்டுச் சமையலறைக்குப் போனேன். ஆண்ட்டி தரையில் உட்கார்ந்து வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சுனிதா நோட்டோடு பக்கத்தில். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கிரிப்ட், ஒப்பந்தம், வியாழன் அவள் திருத்தியதால் தாள்கள் ஒத்துப்போனது, திங்கட்கிழமைக் கடிதம்.

ஆண்ட்டிதான் முதலில் பேசினார்.

"இரு மஞ்சு. இவ வேலைய நல்லா செஞ்சா, அதான வேலைய விட்டு எடுத்துட்டாங்க?"

"ஆமா ஆண்ட்டி."

"எங்க வூட்டுக்காரரு காலத்துல நல்லா செய்லன்னாதான் வூட்டுக்கு அனுப்புவாங்க. இது இன்னா உல்ட்டா கம்பெனி?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "நீ வேணும்னு செய்ல. எனக்குத் தெரியும். ஆனா அந்தப் பொட்டிக்குள்ள எழுதறப்போ இவ மொகம் ஒருவாட்டி கூடவா உன் கண்ணுக்கு வர்ல?"

வரவில்லை என்பதுதான் உண்மை. அதைச் சொன்னேன்.

சுனிதா நோட்டின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். வேலை போனதற்கு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்போ அந்த ட்வென்ட்டி, டூ... அது டெஸ்ட் இல்லியா?"

"இல்லடா. ஸ்கிரிப்ட் தோத்துப்போகட்டும்னு நானே கெடுத்தது. உன் வேலை நிக்கட்டும்னு."

"நீ தெரிஞ்சே தப்பு எழுதினியா?"

"ம்."

அவள் எழுந்து உள்ளே போனாள், பாதி வழியில் திரும்பினாள்.

"ஆனா பாஸ் தானே? டெஸ்ட் இல்லன்னாலும்?"

8

சனிக்கிழமை முழுக்க அவள் மாடிக்கு வரவில்லை. ஞாயிறு காலை மழையில் படியேறி வந்தாள். யாழினியின் செய்தியைப் போட்டுக்காட்டினேன், உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். மறுபடி போடச் சொன்னாள், அருப்புக்கோட்டைத் தமிழ் அவளுக்கு வேகம். பிறகு பேசிப் பதிவு செய்தாள், அழித்தாள், மறுபடி பேசினாள், அழித்தாள். "தமிழ்ல வர்ல தீதி," என்று சலித்துக்கொண்டு நோட்டில் ஒரு தாளைக் கிழித்தாள். பென்சிலால் பத்து வரி நிரல் எழுதினாள். கிடங்குகளைப் பற்றியெல்லாம் இல்லை, கட்கி வழியாகப் போகும் லோக்கல் வண்டிகள், அவை நிற்கும் ஸ்டேஷன்களின் பட்டியல், அவ்வளவுதான்.

"இதுல ஒரு தப்பு போட்ருக்கேன். அவள கண்டுபுடிக்க சொல்லு. பாக்கறப்போ அவளுக்கு ஜாலியா இருக்கா, தலைவலியா இருக்கான்னு அவளே பாத்துக்கட்டும். அப்பா கிட்ட கேக்க வேணாம். உன் கிட்டயும் வேணாம்."

கடைசி வார்த்தை எனக்கு. வாங்கிக்கொண்டேன்.

அந்தத் தாளைப் படமெடுக்கும்போது நானும் ஒருமுறை பார்த்தேன். ஐந்தாவது வரி. வண்டிகள் ஆறு, எண்ணிக்கை ஏழு வரை போகிறது. மூன்று வருட அனுபவம், ஒரு பார்வை போதுமாயிருந்தது. அனுப்பினேன்.

என் மின்னஞ்சல் பெட்டியில் அமோல் சாரின் புதுக் கடிதம் ஒன்று இரண்டு நாளாகத் திறந்தே கிடக்கிறது. இன்னும் இரண்டு குழுக்களில் இதேபோலக் காலைப் பார்வை இருக்கிறதாம். சுப்பையா செய்துகொடுத்தால் நன்றாயிருக்கும், திங்கட்கிழமை சொல்லவும். அந்தக் குழுக்களிலும் நாலே முக்கால் வண்டியில் யாரோ போகிறார்கள். பதில் எழுத ஆரம்பித்து, இரண்டு முறை அழித்திருக்கிறேன்.

மதியம் யாழினியின் குரல் வந்தது, சத்தமாக.

"யக்கா, யாரு அந்த சுனிதாக்கா? அஞ்சாவது வரி, எண்ணிக்கை ஒண்ணு கூட. அத ரெண்டு நிமிசத்துல புடிச்சிட்டேன். ஆனா எட்டாவது வரியிலயும் ஒண்ணு இருக்கே! கடைசி ஸ்டேஷன் வந்தா வண்டி நிக்காமப் போய்க்கிட்டே இருக்கும். அதுக்குத்தான் சோறு திங்காம இம்புட்டு நேரம். அதையும் வேணும்னே வச்சாங்களா, இல்ல தெரியாம வந்திருச்சா? கேட்டுச் சொல்லு!"

சுனிதா தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். எட்டாவது வரியில் விரலை வைத்து, உதடு அசைய ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். முகம் சிவந்தது, பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பாகல் லட்கி, பைத்தியம் புடிச்ச பொண்ணு! அது நான் வைக்கல. அது நெஜமான தப்பு!"

பென்சிலைத் தேடி எடுத்துத் திருத்தியபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயும் பாத்தியே தீதி, அனுப்பறதுக்கு முன்னாடி. உனக்கு எத்தன தெரிஞ்சது?"

வெளியே லோக்கல் வண்டி ஒன்று ஸ்டேஷனுக்குள் வந்து நின்றது.

"ஒண்ணு," என்றேன்.